இந்த வெனிஸ் டுகாட் (தங்கக் காசு) எந்த டோஜே (வெனிஸ் குடியரசின் தலைவர்) காலத்தது?

வணக்கம். பாட்டியின் நகைப்பெட்டியில் இந்தக் காசு கிடைத்தது. மெல்லிய தகடு போல இருக்கிறது, எடை 3.4 கிராம். மேலே வளையம் பற்றவைத்த தழும்பு இருப்பதால், மாலையில் கோத்திருந்திருப்பார்கள் போல.

ஒரு பக்கம் புனித மாற்கு, அவர் முன் மண்டியிட்டுக் கொடிக்கம்பைப் பிடித்திருக்கும் டோஜே. மறுபக்கம் நட்சத்திரங்களுக்கு நடுவே இயேசு. 1284 முதல் 1797-இல் குடியரசு விழும் வரை வெனிஸ்காரர்கள் இந்த அச்சைப் பெரிதாக மாற்றவில்லை. ஆண்டும் பொறிப்பதில்லை, டோஜே பெயரை வைத்துத்தான் காலம் சொல்ல வேண்டும்.

இதில் 'அலோய் மோசெ' வரை படிக்க முடிகிறது. சரி, அல்விசே மொச்செனிகோ என்று தேடினால் அந்தப் பெயரில் நான்கு டோஜேக்கள்! முதலாமவர் 1570-இல் பதவிக்கு வந்தவர், நான்காமவர் 1778-இல் இறந்தவர். எழுத்தின் வடிவத்தை வைத்துப் பிரிக்க முடியுமா?

அப்புறம், இந்தியாவிலேயே இதைப் போல நகல் அடித்திருக்கிறார்கள். அவற்றில் லத்தீன் எழுத்துகள் குழம்பிக் கிடக்கும். இதில் டோஜே பெயர் தெளிவு, ஆனால் இயேசுவைச் சுற்றியுள்ள வரி வெறும் கோடுகளாகத் தெரிகிறது. தேய்மானமா, நகலா? விற்கும் எண்ணமில்லை. படங்கள் கீழே.