தமிழ் மீடியம் படிச்சுட்டு பி.எஸ்சி நர்சிங் சமாளிக்க முடியுமா?

மதுரைக்காரி:
ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம்தான், இப்போ பி.எஸ்சி நர்சிங் சீட் கிடைச்சிருக்கு. பக்கத்து வீட்டு அக்காகிட்ட அனாடமி புக் (உடம்போட அமைப்பு பத்தின பாடம்) வாங்கிப் பாத்தேன், முதல் பக்கத்துலயே தலை சுத்திருச்சு. பேசாம மூணு வருஷ நர்சிங் டிப்ளமோ போயிடுன்னு அம்மா சொல்றாங்க. என்ன பண்ணட்டும்?

ஊசிக்கை:
நானும் தமிழ் மீடியம்தாம்மா. டிப்ளமோ போனாலும் அனாடமி விடாது. அப்புறம் டிகிரி வேணும்னா போஸ்ட் பேசிக்னு டிப்ளமோ முடிச்சவங்களுக்கான டிகிரி கோர்ஸ் 2 வருஷம், ஆக மொத்தம் 5, பி.எஸ்சி 4 வருஷத்துலயே முடியுது. வார்த்தைய உடைச்சுப் படி, டாக்கின்னா வேகம், பிராடின்னா மெதுவு, கார்டியான்னா இதயம், இப்போ டாக்கிகார்டியா என்னன்னு நீயே சொல்லிடுவல்ல? ஒரு சின்ன நோட்டுல தினம் பத்து எழுதி வச்சேன், ரெண்டாவது செமஸ்டர்ல பயமே போச்சு.

நைட் டியூட்டி:
இங்கிலீஷ விட ரெக்கார்ட் எழுதுறதுதான் பாடு. கேர் பிளான் (நோயாளிய எப்படிக் கவனிக்கணும்ங்கிற திட்டம்), கேஸ் புக் (பாத்த கேஸ்களை எழுதுற நோட்டு)னு கை வலிச்சுரும், வார்டுல இருந்து வந்த அன்னைக்கே எழுதிடு, சேத்து வச்சா செத்த. பெட் மேக்கிங்ல பெட்ஷீட் மூலைய மடிக்கத் தெரியாம மூணு தடவை பிரிச்சுப் போட்டாங்க எனக்கு, சிரிப்பா வருது இப்போ.

ஊசிக்கை:
ஆமா, காலேஜுக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு பாத்துட்டு பீஸ் கட்டு, இல்லேன்னா படிச்சு முடிச்சும் நர்ஸா ரிஜிஸ்டர் பண்ண முடியாது.

மதுரைக்காரி:
சரிக்கா, நாளைக்கே நோட்டு வாங்குறேன்.