மாதவிடாய் நிற்கும் பருவம்: வசதியும் வழக்கமும் எவ்வளவு மாற்றுகின்றன?

கேள்வி:
மாதவிடாய் நிற்கும் பருவத்தின் உடல் வெப்பமும் தூக்கமின்மையும் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றுபோலவே இருப்பதாகப் பலர் எழுதுகின்றனர். வர்க்கமும் பண்பாடும் அதை மாற்றுவதில்லையா?

பதில் 1:
வயதையே மாற்றுகின்றன, அம்மா. இந்தியாவில் இது சராசரியாக 46, 47 வயதில் இயல்பாக நிகழ்கிறது. ஆனால் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டச் செல்லும் பெண்களில் பலர் முப்பதுகளுக்குள்ளேயே கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள். கணவன் மனைவி இருவரையும் ஒரே அரிவாளாக, அதாவது ஒரே கூலி அலகாகக் கணக்கிட்டு முன்பணம் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒரு நாள் விடுப்புக்கும் அபராதம் பிடிப்பதாலும், வயலோரக் கொட்டகைகளில் கழிப்பறையோ போதிய தண்ணீரோ இல்லாததாலும், வெள்ளைப்படுதலுக்குக்கூட அறுவை சிகிச்சையே தீர்வாகச் சொல்லப்பட்டது. 2019இல் மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் மாற்றம் படிப்படியாக வராமல் ஒரேயடியாக வருகிறது, எலும்புகளும் விரைவில் வலுவிழக்கின்றன. அந்த உடலோடுதான் அவர்கள் மறுபடியும் கரும்புக் கட்டைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றுகிறார்கள். இதை விதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பதில் 2:
பண்பாட்டைப் பற்றி ஒன்று. 1970களில் ராஜபுத்திரப் பெண்களிடம் ஆய்வு செய்த மானிடவியலாளர் மார்ஷா ஃபிளின்ட், அவர்கள் மாதவிடாய் நின்றதைத் தவிர வேறு தொல்லைகளைப் பெரிதாகச் சொல்லவில்லை என்று பதிவு செய்தார். மாதவிடாய் நின்றபின் முக்காட்டு விதி தளர்ந்து, ஆண்களோடு அமர்ந்து பேசும் உரிமை கிடைத்ததை அவர் காரணமாகக் கருதினார். ஆனால் முக்காட்டுக்குள் அடைபட்டிருந்தவருக்கே அது விடுதலை. என்றும் வயலில் நின்றவருக்கு அதனால் புதிதாக என்ன கிடைக்கும்?

கேள்வி கேட்டவர்:
நன்றி. அறுவை சிகிச்சைக்கு முன் சினைப்பைகளை விட்டுவைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம் என்பதையாவது அந்தப் பெண்களுக்கு யாரேனும் சொல்கிறார்களா?