மாஃபியா காதல் தொடர்: பிடிக்கிறது, ஆனால் உறுத்துகிறது

வெண்ணிலா:
கோரா ரெய்லியின் ‘பார்ன் இன் பிளட்’ தொடரில் முதல் புத்தகம் முடித்தேன். கீழே வைக்க மனம் வரவில்லை. ஆனாலும் நெருடுகிறது. சிகாகோ, நியூயார்க் மாஃபியா கும்பல்கள் சமாதானமாக வேண்டும் என்று 15 வயது ஆரியாவை லூக்காவுக்கு நிச்சயம் செய்கிறார்கள். முதலிரவில் அவள் பயந்து நடுங்க, அவன் தன் கையைக் கீறி ரத்தத்தை விரிப்பில் தடவுகிறானே, அந்த இடத்தில் எனக்கும் அவனைப் பிடித்துவிட்டது. அதுதான் உறுத்தல். மணப்பெண் கன்னி என்பதற்குச் சாட்சியாக அந்த விரிப்பைக் கேட்கும் வழக்கத்தை அவன் எதிர்க்கவே இல்லை. மேலே படிக்கலாமா?

கடலோரம்:
மூன்றாவது புத்தகம் ஆரியாவின் தங்கை ஜியானாவுடையது. அவள் வீட்டை விட்டு ஓடுகிறாள், லூக்காவின் தம்பி மட்டேயோ தேடிப் பிடிக்கிறான். அதையும் காதல் என்று ஏற்க முடிந்தால் படியுங்கள். எனக்கு முடியவில்லை.

தமிழ்ச்செல்வி:
கதை என்று தெரிந்துதானே படிக்கிறோம்? எனக்கு அந்த அக்கா தங்கை பாசத்துக்காகவே பிடிக்கும்.

மாறன்:
நிஜத்தில் நடந்ததையும் பாருங்கள். 1965இல் சிசிலியின் அல்காமோவில் 17 வயது பிராங்கா வியோலாவை, மாஃபியா உறவுள்ள ஒருவன் ஆள் சேர்த்து வந்து தூக்கிப்போனான். கெடுத்தவனே கட்டிக்கொண்டால் தண்டனை இல்லை என்பது அன்றைய இத்தாலியச் சட்டம். அவள் மறுத்தாள், அப்பா கூடவே நின்றார். அவனுக்குச் சிறை. அந்தச் சட்டப்பிரிவு 1981இல்தான் நீங்கியது.

வெண்ணிலா:
நன்றி மாறன். அப்படியொரு அப்பா இந்தக் கதையில் ஆரியாவுக்கு இல்லையே. ஜியானாவுக்காக மூன்றாவதைப் படிக்கிறேன், அப்புறம் முடிவு செய்கிறேன்.