டொராண்டோ தீவுப் படகு: ஸ்டீம் என்கிறார்கள், ‘சுக் சுக்’ எங்கே?

பொன்மலைக்காரன்:
வணக்கம். பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது டொராண்டோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பேரனோடு, நகரத்துக்கு எதிரே ஏரியில் இருக்கும் சென்டர் ஐலண்ட் தீவுக்குப் போனேன். போகும்போது சாதாரண டீசல் படகு. திரும்பும்போது வந்து நின்றதைப் பார்த்து அசந்துவிட்டேன். இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம், நடுவில் உயரமாகப் புகைபோக்கி, பெயர் ட்ரில்லியம். “தாத்தா, இது ஸ்டீம் போட்” என்றான் பேரன்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஊட்டி மலை ரயில் இன்ஜினைப் பிரித்து மாட்டிய கை இது. ஸ்டீம் என்றால் மூச்சுவிட வேண்டாமா? இது பூனை மாதிரி போகிறது. சக்கரம் தண்ணீரை அடிக்கிற சத்தம் தவிர ஒன்றுமில்லை. உள்ளே டீசலை ஒளித்துவைத்து, புகைபோக்கியை அழகுக்கு நிறுத்தியிருக்கிறார்களோ? கூட்டத்தில் இன்ஜின் பக்கம் போகமுடியவில்லை. பேரனிடம் ஒரு ஐஸ்கிரீம் பந்தயம் கட்டிவிட்டேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஸ்காபரோ வாசி:
ஐயா, ஐஸ்கிரீமை வாங்கிக் குடுங்கோ. அது அசல் நீராவிதான். ரொறன்ரோ துறைமுகக் கரையிலேயே இருந்த பொல்சன் பட்டறையில் கட்டி, 1910 ஜூன் 18 அன்று தண்ணியில் இறக்கினது. நீளம் 150 அடி. அந்தக் காலத்துப் பெரிய தீவுப் படகுகளுக்குப் பூக்களின் பெயர்தான்: மேஃபிளவர், ப்ரிம்ரோஸ், புளூபெல், கடைசியாக ட்ரில்லியம். பிறகு வந்த டீசல் படகுகளுக்குப் பெரும்பாலும் ஆட்களின் பெயர். நீங்கள் போகும்போது ஏறினது சாம் மெக்பிரைட் என்றால், அவர் இந்த நகரத்தின் மேயராக இருந்தவர். எனக்குப் பூப்பெயர்தான் பிடிக்கும்.

ஒரு காலத்தில் தீவின் ஹான்லன்ஸ் பொயின்ட் பக்கம் பேஸ்போல் மைதானமே இருந்தது. அமெரிக்க பேஸ்போல் நட்சத்திரம் பேப் ரூத் தன் முதல் தொழில்முறை ஹோம் ரன்னை 1914இல் அடித்தது அங்கேதான். அந்தச் சனத்தையெல்லாம் அக்கரை சேர்த்தது இந்தப் படகுகள். 1950களின் பிற்பாதியில் ட்ரில்லியத்தை ஓய்வுக்கு அனுப்பி, தீவின் வாய்க்காலில் கட்டிவைத்தார்கள். ஏறக்குறைய இருபது வருஷம் அப்படியே கிடந்து துருப்பிடித்தது. சகோதரிப் படகு புளூபெல் குப்பை ஏற்றும் தெப்பமாகிப் போனது. இதற்கு மட்டும் அதிர்ஷ்டம். திருத்தி 1976இல் மறுபடி ஓடவிட்டார்கள். இன்ஜின் பழையதேதான். எரிக்கிறது மட்டும் எண்ணெய்.

சொல்ல மறந்துபோனேன். 1981 ஜூன் 2ஆம் திகதி, கரையில் கட்டியிருந்த நோர்மாக் என்ற உணவகக் கப்பலை ட்ரில்லியம் போய் இடித்துவிட்டது. கொஞ்ச நாளில் நோர்மாக் தண்ணியில் மூழ்கிப்போனது. ட்ரில்லியத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை!

தூத்துக்குடி மரைன்:
பொன்மலை அண்ணாச்சி, சத்தம் ஏன் இல்லை என்பதற்கு நான் சொல்கிறேன். ரயில் இன்ஜினில் வேலை முடிந்த நீராவியைப் புகைபோக்கி வழியாக ஊதி வெளியே தள்ளுவீர்கள். அந்த ஊதல்தான் அடுப்புக்குக் காற்றை இழுக்கும், அதுதான் உங்கள் ‘சுக் சுக்’. கப்பலில் அப்படி விடுவதில்லை. நீராவி கண்டென்சருக்குப் போய்க் குளிர்ந்து தண்ணீராகிவிடும். அங்கே வெற்றிடம் உண்டாவதால் பிஸ்டனுக்குக் கூடுதல் இழுப்பும் கிடைக்கும். வெளியே ஊத ஒன்றும் மிச்சமில்லை, அதனால் சத்தமும் இல்லை.

பொன்மலைக்காரன்:
இருவருக்கும் நன்றி. கண்டென்சர் விஷயம் என் மூளைக்கு எட்டவே இல்லை, வெட்கமாக இருக்கிறது. நேற்று மறுபடி போனேன். இரண்டு படகை விட்டுவிட்டு ட்ரில்லியத்துக்காகவே காத்திருந்தேன். மகளுக்குக் கோபம். ஏறியதும் நேராக இன்ஜின் பக்கம் போய் எட்டிப் பார்த்தேன்.

சாய்வாகப் படுத்த இரண்டு சிலிண்டர், ஒன்று சின்னது, ஒன்று பெரியது. காம்பவுண்ட்! சின்னதில் வேலை செய்த நீராவி பெரியதில் இன்னொரு முறை வேலை செய்கிறது. நம் ஊட்டி எக்ஸ் கிளாஸ் இன்ஜினிலும் இதே கதைதான். பல்சக்கரப் பாதை ஏறும்போது முதல் ஜோடி சிலிண்டரில் வந்த நீராவியே இரண்டாவது ஜோடிக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். அதை சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தார்கள், இதை டொராண்டோவில். சக்கரத்தைச் சுழற்றும் வளைந்த தண்டான கிராங்க் சுற்றுகிற அழகைப் பார்த்துக்கொண்டே நின்றேன், கால் மணி நேரத்தில் கரை வந்துவிட்டது. சூடான எண்ணெய் வாசனை அப்படியே பொன்மலை.

ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாயிற்று. இன்னும் ஒரு சந்தேகம் இருக்கிறது. இவ்வளவு பழைய கிராங்க் பேரிங்குக்கு உள்பூச்சாக, வெள்ளை உலோகம் என்கிற மெதுவான உலோகக் கலவையை இப்போது உருக்கி ஊற்றித் தருவது யார்? எங்கள் பணிமனையிலேயே அந்தக் கை உள்ளவர்கள் குறைந்துவிட்டார்கள். ஸ்காபரோ தம்பிக்குத் தெரிந்த ஆள் யாராவது அந்தப் படகில் வேலை பார்க்கிறார்களா?