வழிகாட்டி ஆசிரியர் திட்டம் பலித்ததா, எப்படிச் சொல்வது?

சுண்ணக்கட்டி:
எங்கள் நிர்வாகத்தில் 12 தொடக்கப்பள்ளிகள். புதிதாகச் சேர்பவர்கள் ஓரிரு வருடத்தில் கிளம்பிவிடுகிறார்கள் என்று 5 பள்ளிகளில் மூத்த ஆசிரியர்களை வழிகாட்டிகளாகப் போட்டோம். வாரம் ஒரு பாடவேளை வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் பேசுவார்கள். இப்போது அந்த 5 பள்ளிகளில் விலகியவர்கள் குறைவு, மற்ற 7 பள்ளிகளில் பழைய கதைதான். கருத்துப் படிவத்தில் எல்லாரும் 'மிகவும் உதவியாக இருந்தது' என்று டிக் அடித்திருக்கிறார்கள். மேலிடமோ ஆதாரம் போதாது என்கிறது. இன்னும் என்னதான் வேண்டும்?

மூன்றாம்மணி:
அந்த 5 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தது யார்? தலைமை ஆசிரியர்களே முன்வந்தார்கள் என்றால் கணக்கு அங்கேயே ஆட்டம் காண்கிறது. இப்படி ஒரு திட்டத்துக்குக் கை தூக்குகிற தலைமை ஆசிரியரிடம், திட்டம் இல்லாவிட்டாலும் ஆட்கள் தங்கத்தான் செய்வார்கள். திட்டங்களை மதிப்பிடுவதுதான் என் பிழைப்பு. இந்த ஒரு கேள்வியைக் கேட்டே பாதி எதிரிகளைச் சம்பாதித்திருக்கிறேன்.

அமெரிக்கக் கல்வித் துறைக்காக மேத்தமேட்டிகா நிறுவனம் இதையே பெரிய அளவில் சோதித்தது. 17 மாவட்டங்கள், 418 தொடக்கப்பள்ளிகள், ஆயிரத்துச் சொச்சம் புது ஆசிரியர்கள். எந்தப் பள்ளிக்குத் தீவிர வழிகாட்டல் என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். வழிகாட்டிக்கு அது முழுநேர வேலை, ஒருவருக்குச் சுமார் 12 ஆசிரியர்கள். 2010ல் வந்த இறுதி அறிக்கைப்படி, ஆசிரியர்கள் தங்கியதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டு வருடம் வழிகாட்டல் பெற்றவர்களின் மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறியிருந்தார்கள். ஒரு வருடம் மட்டும் பெற்றவர்களிடம் அது தெரியவில்லை. தங்கினார்களா என்பதை மட்டும் எண்ணியிருந்தால் இந்தப் பலன் கண்ணிலேயே பட்டிருக்காது.

இன்னொன்று, ஒப்பீட்டுப் பள்ளிகளிலும் வழக்கமான உதவி ஏதோ கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. உங்கள் 7 பள்ளிகளில் புதியவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று யாராவது கேட்டீர்களா?

கருத்துப் படிவத்தை விட்டுவிடுங்கள். கூடவே உட்கார்ந்து பேசிய மூத்தவரைப் பற்றி யார் 'உதவவில்லை' என்று எழுதுவார்கள்?

பேரேடு:
நான் பணியாளர் பதிவேடு பார்க்கிறவள். 'விலகியவர்' என்று யாரைச் சொல்கிறீர்கள்? ஓய்வு, மகப்பேறு விடுப்பு, பக்கத்துப் பள்ளிக்கு மாறுதல், தொழிலையே விட்டது, எல்லாம் ஒரே பத்தியில் கிடந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். மாறிப் போனவர் அந்தப் பள்ளிக்கு இழப்பு, நிர்வாகத்துக்கு இல்லை. விலகல் கடிதத்தில் 'குடும்பக் காரணம்' என்றுதான் இருக்கும், அதையும் அப்படியே எடுக்காதீர்கள். நாலே நாலு புதியவர்கள் உள்ள பள்ளியில் ஒருவர் போனாலே 25 சதவீதம்!

சுண்ணக்கட்டி:
முன்வந்தவர்கள்தான். சரி, இனி என்ன செய்யலாம்?

மூன்றாம்மணி:
12 பள்ளிகளுக்கும் திட்டத்துக்கு முந்தைய நாலைந்து வருடப் பதிவுகளை எடுங்கள், பேரேடு சொன்னபடி பிரித்து. அந்த 5 பள்ளிகளில் முன்பே விலகல் குறைவாக இருந்திருந்தால் அது அதிலேயே தெரிந்துவிடும். அடுத்த வருடம் 7 பள்ளிகளுக்கும் சேர்த்துப் பணம் வராது அல்லவா? யார் முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும், காத்திருப்பவர்களோடு ஒப்பிடுங்கள். ஏழு பள்ளி சின்ன எண்ணிக்கைதான், ஒரே வருடத்தில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

திட்டம் நின்ற பிறகும் ஒரு வருடமாவது பின்தொடர வேண்டும். அமெரிக்காவிலேயே இன்னொரு சோதனையில், பின்தங்கிய பள்ளிகளுக்கு மாறி வந்த திறமையான ஆசிரியர்களுக்கு இரண்டு வருடத்தில் 20,000 டாலர் கொடுத்தார்கள். பணம் வந்த காலத்தில் 93 சதவீதம் பேர் தங்கினார்கள், ஒப்பீட்டுப் பள்ளிகளில் 70 சதவீதம். பணம் நின்றதும் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

மேலிடத்துக்கு எழுதும்போது 'பலித்துவிட்டது' என்று எழுதாதீர்கள். 'சோதித்துப் பார்க்கப் பணம் வேண்டும்' என்று கேளுங்கள்.

சுண்ணக்கட்டி:
பதிவேடு கேட்டு இன்றே எழுதுகிறேன். குலுக்கல் என்றதும் தலைமை ஆசிரியர்கள் முறைப்பார்கள், அதை எப்படிச் சமாளிப்பது என்று தனி இழையில் கேட்கிறேன்.