சாவி சேர்த்தும் ஆபீஸ் ரெப்போ மட்டும் 'ரெப்போசிட்டரி நாட் ஃபவுண்ட்'

வேளச்சேரி_டெவ்:
ஒரே லேப்டாப், இரண்டு கிட்ஹப் (கோட் சேமிச்சு வைக்கும் தளம்) கணக்கு: சொந்தம் ஒன்று, ஆபீஸ் ஒன்று. தனித்தனி எஸ்.எஸ்.ஹெச். சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலா, இ.டி.25519 வகை) போட்டு, பப்ளிக் கீயை அந்தந்தக் கணக்கில் சேர்த்தாச்சு. வீட்டில் சொந்த ரெப்போ (கோட் தொகுப்பு) குளோன் ஆகுது, அதாவது லேப்டாப்புக்கு நகல் இறங்குது. ஆபீஸ் ரெப்போவுக்கு 'ரெப்போசிட்டரி நாட் ஃபவுண்ட்'. பிரவுசரில் அதே ரெப்போ திறக்குது. சோழிங்கநல்லூர் ஆபீஸ் வைஃபையில் இரண்டுமே எஸ்.எஸ்.ஹெச். வழக்கமா போகும் 22ஆம் போர்ட்டில் டைம் அவுட். சாவியை அழிச்சுட்டு புதுசா போடணுமா?

தரமணி_டெர்மினல்:
அழிக்காதீங்க. சாவி ஒண்ணும் ஏற்கப்படலைன்னா 'பர்மிஷன் டினைடு, பப்ளிக் கீ'ன்னு வரும். உங்களுக்கு நடந்திருப்பது ஆள் மாறாட்டம்: சொந்தக் கணக்கா உள்ளே போயிருக்கீங்க. அனுமதி இல்லாதவருக்கு பிரைவேட் ரெப்போ இருப்பதையே கிட்ஹப் காட்டாது.

எஸ்.எஸ்.ஹெச். கட்டளையில் சின்ன 'வி', பெரிய 'டி' இரண்டையும் சேர்த்து கிட்ஹப்புக்கு இணைச்சுப் பாருங்க. 'சர்வர் அக்செப்ட்ஸ் கீ' வரியில் எந்த ஃபைல் பெயர் இருக்கு? கடைசியில் 'ஹாய்' போட்டு யார் பெயர் வருது? எஸ்.எஸ்.ஹெச். ஏஜென்ட் (சாவிகளை நினைவில் வச்சிருக்கும் புரோகிராம்) அவற்றை ஒவ்வொண்ணா நீட்டும். தெரிஞ்ச முதல் சாவியைப் பார்த்ததுமே கிட்ஹப் உள்ளே விட்டுடும், அடுத்ததைக் கேட்காது.

எஸ்.எஸ்.ஹெச். கான்ஃபிக் ஃபைலில் ஆபீஸுக்குத் தனி ஹோஸ்ட் பெயர் கொடுங்க. அதன் கீழே ஹோஸ்ட்நேம் (கிட்ஹப் டொமைன்), யூசர் 'கிட்', ஐடென்டிட்டிஃபைல் (ஆபீஸ் சாவி ஃபைல்), அப்புறம் 'ஐடென்டிட்டீஸ்ஒன்லி யெஸ்'. இந்தக் கடைசி வரியைத்தான் பலரும் விட்டுடறாங்க. அது இல்லைன்னா ஏஜென்டில் ஏறியிருக்கும் சொந்தச் சாவி முந்திக்கலாம். பிறகு ரெப்போவின் ரிமோட் முகவரியில் கிட்ஹப் டொமைனை எடுத்துட்டு அந்தப் புதுப் பெயரைப் போடணும். மாத்தலைன்னா கான்ஃபிக் எழுதியும் பயனில்லை.

ஓஎம்ஆர்_நெட்வொர்க்:
டைம் அவுட் வேற விஷயம்; சாவி வரைக்கும் பேச்சே போகலை. ஆபீஸ் ஃபயர்வால் 22ஐ அடைச்சிருக்கும். நெட்வொர்க் டீமிடம் கேட்டுக்கிட்டு, ஹோஸ்ட்நேமில் கிட்ஹப் டொமைனுக்கு முன்னால் 'எஸ்எஸ்ஹெச்', ஒரு புள்ளி சேர்த்து, போர்ட் 443 போடுங்க. முதல் இணைப்பில் சர்வர் சாவியின் ஃபிங்கர்பிரின்ட்டைக் (சுருக்க அடையாளம்) காட்டி, சரியான்னு கேட்கும். கிட்ஹப்பின் ஆவணப் பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிடாம 'யெஸ்' அடிக்காதீங்க. 24 மார்ச் 2023 அன்று கிட்ஹப் தன் ஆர்.எஸ்.ஏ. ஹோஸ்ட் கீயை (சர்வரை அடையாளம் காட்டும் சாவி) மாத்துச்சு. பழைய லேப்டாப்பில் எச்சரிக்கை வந்தா, நோன்_ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (தெரிஞ்ச சர்வர்களின் பட்டியல்) கிட்ஹப்பின் பழைய வரியை நீக்கினா போதும்.

வேளச்சேரி_டெவ்:
'ஹாய்' பக்கத்தில் சொந்தக் கணக்குப் பெயர்தான் இருந்துச்சு. ரிமோட்டை மாத்தினதும் பெயர் சரி. ஆனா இப்போ 'எஸ்.ஏ.எம்.எல். எஸ்.எஸ்.ஓ.'ன்னு பிழை.

தரமணி_டெர்மினல்:
அது நிறுவனத்தின் ஒற்றை லாகின் முறை; அதுக்கு சாவியைத் தனியா அனுமதிக்கணும். கிட்ஹப் செட்டிங்ஸில் எஸ்.எஸ்.ஹெச். சாவிப் பட்டியலுக்குப் போங்க. ஆபீஸ் சாவி பக்கத்தில் 'கான்ஃபிகர் எஸ்.எஸ்.ஓ.', அதில் உங்க நிறுவனத்துக்கு நேரே 'ஆத்தரைஸ்'. முதல் புஷ்ஷுக்கு முன்னாடி அந்த ரெப்போவுக்குள்ளே யூசர் ஈமெயிலையும் ஆபீஸ் முகவரிக்கு மாத்திடுங்க. கமிட்டில் பதியும் பெயரும் ஈமெயிலும் கிட் கான்ஃபிக்கிலிருந்து வருது, சாவியிலிருந்து இல்லை.