மறுமொழி: நச்சுமையா, வீரியமா, நோய்வன்மையா?

> விருலன்ஸ் = நச்சுமை. இலத்தீன் வேரே நஞ்சுதானே?

வணக்கம் ஐயா. ஒரு கிருமி எவ்வளவு கடுமையாக நோய் உண்டாக்கும் என்பதைக் குறிக்கும் 'விருலன்ஸ்' (virulence) என்ற சொல்லுக்குத்தானே தமிழ் தேடுகிறோம்.

வேர் சரி. கிருமிதான் ஒத்துவரவில்லை.

நிமோனியாக் கிருமியை எடுத்துக்கொள்வோம். 1928இல் லண்டனில் கிரிஃபித் என்ற ஆய்வாளர் எலிகளுக்குப் போட்டுப் பார்த்தது இரண்டு வகை. தட்டில் வழவழப்பாக வளர்ந்த வகை எலியைக் கொன்றது, சொரசொரப்பாக வளர்ந்தது கொல்லவில்லை. வேறுபாடு நஞ்சில் இல்லை, மேலே போர்த்தியிருக்கும் சர்க்கரை உறையில் இருக்கிறது. உறை இருந்தால் வெள்ளையணுக்களால் கிருமியைச் சுலபமாகப் பிடித்து விழுங்க முடியாது. உறையைச் செய்யும் மரபணு பழுதானால் மாட்டிக்கொள்ளும்.

பிளேக் இன்னும் வேடிக்கை. அந்தக் கிருமியின் வெளிச்சவ்வில் உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறுக்கு, தெள்ளுப்பூச்சியின் குளிர்ந்த உடலில் இருக்கும்போது ஆறு கொழுப்பு அமில வால் வரை உண்டு. நம் உடலின் 37 டிகிரிக்கு வந்ததும் பெரும்பாலும் நான்குதான். ஆறு வாலைக் கண்டால் நம் செல்லில் கிருமியை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்4 ஏற்பி ஊரைக் கூட்டிவிடும், நான்கு வாலை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் மரபணு ஒன்றைப் பிளேக் கிருமிக்குள் நுழைத்து, 37 டிகிரியிலும் ஆறு வால் போட வைத்தார்கள். மரபணு ஒன்று கூடியது, எலியைக் கொல்லும் சாமர்த்தியம் போய்விட்டது! கிருமியிடம் என்ன இருக்கிறது என்பதோடு, நம் உடல் எதைக் கவனிக்கிறது என்பதும் சேர்ந்ததுதான் இந்தச் சங்கதி. நச்சுமை என்றால் பாதிதான் கிடைக்கிறது.

நாளிதழ்கள் எழுதும் 'வீரியம்' எனக்கும் பழக்கம்தான். ஆனால் விதைக்கும் வீரியம், மருந்துக்கும் வீரியம். முன்பு பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி பற்றிய துண்டறிக்கை ஒன்றில் 'வீரியம் குறைக்கப்பட்ட தடுப்பூசி' என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த அண்ணி, "அப்போ வீரியம் உள்ள ஊசி எங்க போடுறாங்க?" என்று கேட்டார். 'கிருமி' என்ற சொல்லை விட்டது என் தப்பு, ஆனால் சொல்லும் காலை வாரியது.

அந்த பிசிஜியை உருவாக்கிய கால்மெட்டும் கெரானும் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்தார்கள். அதில் ஆர்டி1 என்ற மரபணுத் துண்டு உதிர்ந்துபோனது. தன்னை விழுங்கிய செல்லின் உள்ளறையைத் துளைத்து வெளியேற உதவும் புரதங்கள் அந்தத் துண்டைச் சேர்ந்தவை. இதை 'வன்மையிழந்த கிருமி' என்று எழுதினால் அண்ணிக்குச் சந்தேகம் வராது.

அதனால் என் ஓட்டு நோய்வன்மைக்கு. வன்மை மரபணு, வன்மைக்கூறு, வன்மையற்ற வகை என்று நன்றாகவே கிளைக்கிறது.

> நோய்வன்மை என்றால் நோயின் கடுமை என்றுதானே படிப்பார்கள்? தாக்குவன்மை?

அக்கா, முதல் பாதி உண்மை, இடறத்தான் செய்கிறது. அதற்கு நோய்க்கடுமை என்ற சொல் நடப்பில் இருப்பதால் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். தாக்குவன்மை மட்டும் வேண்டாமே. உறையைப் போர்த்திக்கொண்டு ஒளிவதையும் வாலைச் சுருக்கிக்கொள்வதையும் தாக்குதல் என்று எப்படிச் சொல்வது?

அப்புறம், 'நோயாக்குதிறன்' என்பதை இதோடு குழப்ப வேண்டாம். நோய் தருமா தராதா என்பதற்கு அது, எவ்வளவு என்பதற்கு வன்மை.